நோயாளியின் அருகே ஒரு மன்னர்

நுழையும்முன்

சில நாள்களில் தீரும் நோய்க்கு மருந்து போதும். ஆண்டுக்கணக்கில் உடலோடு தங்கிவிடும் நோய்க்கு மருந்தோடு வேறொன்றும் வேண்டும். தம்மைப் பேணுபவர் தம்மைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையே அது. அந்நம்பிக்கையைச் செல்வத்தால் வாங்க இயலாது. அதிகாரத்தால் பெறவும் இயலாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் வாழ்ந்த மன்னர் ஒருவர் தம் ஆட்சியதிகாரத்தை இழந்த பின்னர் அந்நம்பிக்கையை ஈட்டிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீண்ட வாழ்வை வேண்டும் ஊர்

காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில், வங்கக் கடலுக்கு அருகே அமைந்த ஊர் திருக்கடையூர். சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் அட்டவீரட்டத் தலங்களுள் இஃது ஒன்று. மார்க்கண்டேயரின் உயிரைக் கவர வந்த காலனை இறைவன் காலால் உதைத்து வீழ்த்தியது இத்தலத்தில்தான் என்பது புராணம். அதனால் அறுபது ஆண்டு நிறைந்தோரும் எண்பது ஆண்டு நிறைந்தோரும் தம் மக்களும் பெயரர்களும் சூழ இங்கு வந்து மணிவிழாவும் முத்துவிழாவும் கொண்டாடுகின்றனர். நீண்ட வாழ்வை வேண்டும் மாந்தரின் ஆசைக்கு இவ்வூர் ஓர் அடையாளம்.

நீண்ட வாழ்வு சில வேளைகளில் நீண்ட நோயையும் உடன் அழைத்து வருகிறது. கண்ணில் புரை படர்கிறது. நீரிழிவு குருதியில் தங்கிக் கண், கால், சிறுநீரகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தாக்குகிறது. மூட்டுகள் இறுகுகின்றன, மூச்சு இளைக்கிறது. ஒரு நோய்க்கு உண்ணும் மருந்து மற்றொரு நோயைத் தூண்டுவதும் உண்டு. இத்தகைய நோயாளர் ஒரே மருத்துவரிடம் ஒரு முறை சென்று திரும்புபவர் அல்லர். அவர் பலரிடம் பலமுறை செல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வதை நம்பினால்தான் மருந்தை உண்பார். நம்பாவிடின் பாதியில் நிறுத்திவிடுவார்.

திருக்கடையூர் உள்ளிட்ட இந்நெல்வயல் நாடு பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அபிராமி பட்டரின் வரலாற்றில் வரும் மன்னர் முதலாம் சரபோஜி என்பர். அவருக்குப் பின் அதே மரபில் தோன்றியவர் இரண்டாம் சரபோஜி. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த பேரறிஞராக அவரைத் தமிழகம் நன்கு அறியும். நோயாளிகளின் நம்பிக்கைக்கு உரியவராக அவர் வாழ்ந்த வாழ்வு அதே அளவுக்கு அறியப்படவில்லை.

இருளில் கழிந்த இளமை

இரண்டாம் சரபோஜி கி.பி. 1777-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மன்னர் துளஜாவின் பிள்ளைகள் அனைவரும் அவர் காலத்திலேயே இறந்துவிட்டனர். பிள்ளைகளை இழந்து, உடல்நலமும் குன்றிய மன்னர் 1787-ஆம் ஆண்டு போன்சலே குடும்பத்தைச் சேர்ந்த சரபோஜியை மகனாக ஏற்றுக்கொண்டார். அப்போது சிறுவருக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. அவ்வாண்டிலேயே துளஜா காலமானார். இறக்கும்முன் தம் மகனைக் காக்கும் பொறுப்பைச் சுவார்ட்ஸ் என்னும் கிறித்தவத் தொண்டரிடம் ஒப்படைக்க விரும்பினார்.

ஆயினும் நாடு துளஜாவின் உடன்பிறந்தவரான அமர்சிங்கின் கைக்குச் சென்றது. சரபோஜியை மகனாக ஏற்றது முறையன்று என்று கூறி, கிழக்கிந்தியக் கும்பினியார் அமர்சிங்கையே மன்னராக ஏற்றுக்கொண்டனர். சிறுவர் சரபோஜி அரண்மனையின் ஒரு பகுதியில் அடைத்து வைக்கப்பட்டார். கல்வி மறுக்கப்பட்டது. வெளிச்சமும் காற்றும் குறைந்த இடத்தில் வளரும் பருவத்தைக் கழித்ததால் அவருடைய உடல்நலம் கெட்டது. தம்மைச் சூழ்ந்திருப்போரில் நண்பர் யார், பகைவர் யார் என்று அறியமுடியாத நிலை அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

சுவார்ட்ஸ் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. கும்பினி அதிகாரிகளுக்குத் தொடர்ந்து முறையிட்டார். அதன் பயனாக 1793-ஆம் ஆண்டு சரபோஜியும் துளஜாவின் துணைவியரும் பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கு கெரிக்கே என்னும் ஆசிரியரிடம் சரபோஜி பாடம் கேட்டார். ஆங்கிலமும் ஐரோப்பிய அறிவியலும் அவருக்கு அறிமுகமாயின. அடைபட்டுக் கிடந்த அறிவு வேட்கை மடை திறந்த புதுப்புனல்போலப் பாய்ந்தது.

சொன்ன சொல் காத்த ஆசிரியர்

சரபோஜியின் மனத்தில் ஆழப் பதிந்தவர் சுவார்ட்ஸ். செருமனியில் பிறந்த அவர் 1750-ஆம் ஆண்டு கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தார். திருக்கடையூருக்கு அருகில் உள்ள அக்கடற்கரை ஊர் அப்போது டேனியர் வசம் இருந்தது. அங்கே தமிழ் கற்ற அவர் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் பணியாற்றினார்.

ஹைதர் அலியின் படையெடுப்பின்போது தஞ்சைக் கோட்டைக்குள் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் உழவர்கள் அதனைக் கோட்டைக்குக் கொண்டுவர மறுத்தனர். முன்பு கொடுத்த நெல்லுக்கும் வண்டிக்கும் அரசு உரிய பணம் தராமல் ஏமாற்றியதே அதற்குக் காரணம். மன்னரின் ஆணைக்கும் அதிகாரிகளின் அச்சுறுத்தலுக்கும் அவர்கள் இணங்கவில்லை. அப்போது சுவார்ட்ஸ் தாமே பொறுப்பேற்று, ஒவ்வொருவருக்கும் உரிய தொகை தம் கையால் வழங்கப்படும் என உறுதி கூறினார். சில நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னவாறே அனைவர்க்கும் பணம் வழங்கப்பட்டது. ஓர் அரசால் பெறமுடியாத நம்பிக்கையைத் தனி மனிதர் ஒருவரின் சொல் பெற்றுத் தந்தது.

இந்நிகழ்ச்சி நடந்தபோது சரபோஜி சிறு குழந்தை. பின்னாளில் அத்தகைய மனிதரின் காப்பில் வளர்ந்ததால், நம்பிக்கை என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதை அவர் அருகிலிருந்து கற்றார். ஆசிரியர் வேறு சமயத்தவர். மாணவர் தம் சமயத்திலேயே இறுதிவரை நிலைத்து நின்றவர். இவ்வேறுபாடு இருவர்க்கும் இடையே நின்ற அன்பைச் சிறிதும் குறைக்கவில்லை.

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், காலில் கண்ட நோய் முற்றிச் சுவார்ட்ஸ் காலமானார். நோயுற்றுக் கிடந்த ஆசிரியரைச் சரபோஜி நேரில் சென்று கண்டு வாழ்த்துப் பெற்றார். பின்னர், இலண்டன் நகரச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச்சின்னம் ஒன்றைச் செய்வித்துத் தஞ்சைக் கோட்டைக்குள் உள்ள தேவாலயத்தில் அமைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரும் அவருடைய கையைப் பற்றி நிற்கும் இளவரசரும் அதில் செதுக்கப்பட்டுள்ளனர். வெற்றிச் சின்னங்களில் தம் உருவத்தைப் பொறித்துக்கொண்ட மன்னர் பலர். நோயாளியின் படுக்கையருகே நிற்பவராகத் தம்மை உலகம் காணுமாறு செய்தவர் சரபோஜி.

முடி இருந்தது, நாடு இல்லை

சரபோஜியின் உரிமையைக் கும்பினியார் காலந்தாழ்த்தி ஒப்புக்கொண்டனர். 1798-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அவர் தஞ்சை அரியணையில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. அம்முடிசூட்டு விழாவைக் காண அவருடைய காவலர் உயிரோடு இல்லை.

அடுத்த ஆண்டே பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியாரிடம் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னரிடம் எஞ்சின. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு வழங்கப்பட்டன. வரி விதிக்கவோ, நீதி வழங்கவோ, படை நடத்தவோ அவருக்கு உரிமை இல்லை. திருக்கடையூர் முதலிய ஊர்கள் யாவும் அவருடைய ஆணைக்கு அப்பாற்பட்டன.

அந்நிலையில் உள்ள மன்னர் ஒருவர் வேட்டையிலும் களியாட்டத்திலும் காலம் கழித்திருக்கலாம். கையில் இருந்த பொருளும் ஓய்வும் அதற்குப் போதுமானவை. சரபோஜி வேறு வழியைத் தேர்ந்தார். ஏடுகளைத் திரட்டினார், பள்ளிகளை நிறுவினார், 1805-ஆம் ஆண்டு தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சுக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். ஆணையிட இயலாத மக்களுக்கும் தம்மால் செய்யக்கூடிய நன்மை எது என்று தேடியபோது, நோயுற்றோர் அவர் கண்முன் நின்றனர்.

சத்திரத்தில் தங்கிய நோயாளி

தஞ்சை நாட்டின் பெருவழிகளில், சிறப்பாக இராமேசுவரம் செல்லும் வழியில், மராட்டிய மன்னர்கள் அன்னசத்திரங்கள் பலவற்றை அமைத்திருந்தனர். ஆட்சி கைமாறியபோது அச்சத்திரங்களுக்கு உரிய ஊர்களின் வருவாயும் கைமாறும் நிலை தோன்றியது. இதனால் வருந்திய சரபோஜி, 1801-ஆம் ஆண்டு தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி டோரினுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். தம் அரண்மனைச் செலவைப் பற்றியதன்று அக்கடிதம். சத்திரங்களில் நடைபெறும் அறத்தை ஒன்றுவிடாமல் எடுத்துக்கூறி, அதனைக் காக்குமாறு வேண்டிக்கொண்டது.

அக்கடிதத்தின்வழி அன்றைய சத்திரங்களின் நடைமுறை தெரியவருகிறது. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவர்க்கும் உணவு வழங்கப்பட்டது. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருமாறு அழைத்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆசிரியரின் பொறுப்பில் வைத்து வளர்த்தனர். ஒவ்வொரு சத்திரத்திலும் நோய், வீக்கம், நச்சுக்கடி ஆகியவற்றுக்கு மருத்துவம் செய்யவல்லோர் இருந்தனர். நோயுற்று வந்தோர்க்கும், வந்த இடத்தில் நோயுற்றோர்க்கும் மருந்தும் நோய்க்கேற்ற பத்திய உணவும் தரப்பட்டன. குணமாகும்வரை அவர்களை மரியாதையோடும் கனிவோடும் பேணுவது அங்கு வழக்கமாக இருந்தது. கருவுற்ற பெண்களுக்கும் உரிய உதவி செய்யப்பட்டது. பயணத்தில் இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி இறுதிச்சடங்கும் நடத்தப்பட்டது.

இக்குறிப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நோயாளி தங்குவதற்கு நாள் வரையறை இல்லை, குணமாதலே எல்லை. இரண்டாவது, மருந்தோடு மரியாதையும் கணக்கில் சேர்ந்திருந்தது. முன்பின் அறியாத ஊரில் நோயுற்று விழுந்த ஏழை ஒருவர் அச்சமின்றிக் கண்மூடித் தூங்குவதற்கு இவ்விரண்டும் தேவை.

ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் அவர் காலத்து அறங்களுள் புகழ்பெற்றது. அவருடைய அன்புக்குரிய முத்தாம்பாள் என்னும் பெண்மணி இறக்கும் தறுவாயில் தம் பெயரால் அன்னதானம் நடைபெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்றும், அவ்விருப்பத்தை நிறைவேற்றவே மன்னர் 1802-இல் அதனைக் கட்டினார் என்றும் கூறுவர்.

தன்வந்திரி மகால்

சத்திரம் வழிப்போக்கரைப் பேணியது. நீடித்த நோய்களை ஆராய்ந்து மருத்துவம் செய்வதற்குத் தனி நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. சரபோஜி அதனைத் தன்வந்திரி மகால் என்னும் பெயரால் ஏற்படுத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கிலும் தேர்ந்தவர்கள் அங்கு ஒருங்கே பணியாற்றினர். மருந்துகளைச் செய்தனர், அவற்றை ஆராய்ந்தனர், நோயாளிகளுக்கு வழங்கினர். மனிதர்க்கேயன்றி விலங்குகளுக்கும் அங்கு மருந்து செய்யப்பட்டது. மூலிகைகளை அடையாளம் காண்பதற்காக ஓவியர்களைக் கொண்டு வண்ணப் படங்களும் வரையப்பட்டன.

நான்கு முறை மருத்துவரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்தது அக்காலத்தில் எளிய செயலன்று. ஒவ்வொரு முறையினரும் தம் முறையே சிறந்தது எனக் கருதுவது இயல்பு. அவர்கள் தமக்குள் முரண்படும்போது துன்புறுபவர் நோயாளியே ஆவார். ஒருவர் தந்த மருந்தை மற்றவர் தவறென்றால் அவர் யாரை நம்புவார்? தன்வந்திரி மகாலில் மருந்தின் பயனே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. கைகண்ட பயன் தந்த முறைகளை ஏடுகளில் எழுதி வைத்தனர்.

அவ்வாறு தொகுத்த முறைகளை அவைக்களப் புலவர்கள் தமிழ்ச் செய்யுள்களாக இயற்றினர். அவை பிற்காலத்தில் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகத்தால் பல தொகுதிகளாக வெளியிடப்பட்டன. நீரிழிவு, குன்மம், க்ஷயம், கண்நோய் முதலியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள் உள்ளன. இவற்றுட் பல எளிதில் தீராமல் நோயாளியை நெடுங்காலம் வருத்துபவை என்பது நோக்கத்தக்கது. மருத்துவ அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு மறைவாகச் சென்றுகொண்டிருந்த காலத்தில் அதனை மனப்பாடம் செய்யத்தக்க செய்யுளாக்கியது பெரும் பயன் விளைத்தது. சிற்றூர் வைத்தியரும் அதனைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

கண்ணைத் திறந்து காட்டும் நம்பிக்கை

சரபோஜி தனிக் கவனம் செலுத்தியது கண் மருத்துவத்தில். கண்ணில் புரை படர்ந்த ஓர் உழவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். நாற்றையும் களையையும் பிரித்தறிய அவரால் இயலாது. வரப்பில் தனியே நடக்க இயலாது. பேரக்குழந்தையின் முகத்தைக் கையால் தடவியே அறிவார். உயிர் இருக்கிறது, உழைப்பும் தன்மதிப்பும் போய்விடுகின்றன. நீண்ட வாழ்வை வேண்டியவருக்கு அவ்வாழ்வே சுமையாகிறது.

அக்காலத்தில் கண்புரைக்கு இரு வகை அறுவை முறைகள் இருந்தன. ஒளி மறைக்கும் வில்லையை ஊசியால் கீழே தள்ளிவிடுவது பழைய முறை. இந்தியாவில் சுசுருதர் காலம் முதலே அறியப்பட்டது. வில்லையை வெளியே எடுத்துவிடுவது புதிய முறை. 1747-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் தாவியேல் செய்து காட்டியது. எம்முறையாயினும் மயக்க மருந்து இல்லை. அறுவையின்போது உணர்விழக்கச் செய்யும் ஈதர் 1846-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் பலரறியப் பயன்படுத்தப்பட்டது. ஆகவே சரபோஜியின் காலத்து நோயாளி விழிப்போடு இருந்து, தம் கண்ணை நோக்கி வரும் ஊசியைத் தாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலையை ஒருமுறை அசைத்தாலும் கண் பறிபோகும். வலிமை மிக்க நால்வர் பிடித்துக்கொண்டாலும் உள்ளம் நடுங்கினால் விழி அசையும். அவரை அசையாமல் இருக்கச் செய்யக்கூடியது மருத்துவர்மீது கொண்ட நம்பிக்கை ஒன்றே.

கண் மருத்துவம் உலகிலேயே தனித்துறையாக அரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இலண்டன் மூர்பீல்ட்சு கண் மருத்துவமனையின் தொடக்கமான மருத்துவ நிலையம் 1805-இல் திறக்கப்பட்டது. சென்னையில் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. அதே காலத்தில், தஞ்சையில் மன்னர் ஒருவர் கண்நோயாளரைப் பேணும் பணியில் ஈடுபட்டிருந்தார். ஆங்கில மருத்துவர் ஒருவரும் அவருக்குத் துணைநின்றார். அறுவைக் கருவிகள் அடங்கிய பெட்டியை மன்னர் தாம் செல்லும் இடமெல்லாம் கொண்டு செல்வார் என்றும், கண் அறுவையைத் தாமே செய்தார் என்றும் கூறுவர்.

ஏட்டில் எழுதிய கடமை

சரபோஜியின் கண் மருத்துவப் பணிக்குச் சான்று, நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆவணங்கள். அவை சரசுவதி மகால் நூலகத்தில் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தன. 2003-ஆம் ஆண்டு சென்னைச் சங்கர நேத்ராலயாவின் தலைவர் மருத்துவர் பத்ரிநாத்தின் கவனத்துக்கு அவை வந்தன. அதன்பின் கண் மருத்துவ வல்லுநர்கள் அவற்றை ஆராய்ந்து, அவற்றின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தனர். நோயாளியைப் பற்றிய விவரமும், கண்ணில் காணப்பட்ட குறைகளும், செய்த மருத்துவமும் அவற்றில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளன. நோயுற்ற கண்களின் படங்களும் வரையப்பட்டுள்ளன.

நோயாளியைப் பற்றி எழுதி வைப்பதனால் என்ன பயன்? நெடுநாள் நோயாளி மீண்டும் வரும்போது தம் துன்பத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டுவதில்லை. சென்ற முறை தந்த மருந்து பயன்பட்டதா என்பதை மருத்துவர் அறிவார். ஒரு மருத்துவர் இல்லாதபோது மற்றொருவர் அப்பணியைத் தொடரலாம். எழுதியவர் தாம் செய்ததற்குப் பொறுப்பேற்கிறார். தவறினால் அத்தவறும் ஏட்டில் நிற்கும். நோயாளி பெயரற்ற ஒருவராக வந்து பெயரற்றவராகவே திரும்பிச் செல்வதில்லை. இன்று மருத்துவமனைகளில் ஒவ்வொருவர்க்கும் வழங்கப்படும் மருத்துவக் குறிப்பேடு செய்யும் பணியும் இதுவே.

அந்நாளைய மருந்துகள் பல இன்று வழக்கில் இல்லை. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவும், கருவிகளை நுண்ணுயிர் நீக்கித் தூய்மை செய்யும் முறையும் அப்போது உலகில் எங்கும் இல்லை. ஆகவே சரபோஜியின் மருத்துவர்கள் எல்லாரையும் குணப்படுத்தியிருக்க இயலாது. குணமாகாத நோயாளியையும் கருத்தூன்றிப் பார்த்து, அவருடைய கண்ணைப் படமாக வரைந்து, அவருடைய துன்பத்தை எழுதி வைப்பதற்கு ஒரு பண்பு வேண்டும். அப்பண்பு இன்றைய மருத்துவத்திற்கும் வேண்டுவது.

அறிவைத் தேடிய பயணம்

1820-ஆம் ஆண்டு சரபோஜி காசிப் பயணம் மேற்கொண்டார். ஏறத்தாழ 3,000 பேர் அவருடன் சென்றனர். வழியெங்கும் அறங்கள் செய்தும், அறிஞர்களைக் கண்டு ஏடுகளைத் திரட்டியும் அவர் தஞ்சைக்குத் திரும்பினார். அவருடைய நூலகத்தில் வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி ஏடுகளோடு ஐரோப்பிய மருத்துவ நூல்களும் இடம்பெற்றன. மனித உடலின் அமைப்பை அறிந்துகொள்ள எலும்புக்கூட்டின் மாதிரி ஒன்றையும் அவர் செய்வித்திருந்தார். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலப் பேராயர் ஹீபர், மன்னரின் அறிவியல் புலமையைக் கண்டு வியந்து தம் நண்பர்க்கு எழுதினார்.

1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் இரண்டாம் சரபோஜி காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய இறுதி ஊர்வலத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்ணீர் வடித்தனர். அவர்களிடம் வரி வாங்கியவர் கும்பினியார். அவர்களுடைய துயரத்தைப் பெற்றவர் சரபோஜி.

அவருக்குப் பின் மகன் இரண்டாம் சிவாஜி பட்டமேற்றார். ஆண் வாரிசு இன்றி 1855-இல் அவர் இறக்கவே தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றது. தன்வந்திரி மகாலின் பணியும் நின்றது. ஏடுகள் நிலைத்தன. 1918-ஆம் ஆண்டு சரசுவதி மகால் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

நிறைவு

திருக்கடையூர்க் கோயிலில் இன்றும் எண்பது வயது முதியோர் மாலை சூடி அமர்கின்றனர். அவர்களுள் நீரிழிவு மருந்தை மடியில் முடிந்துகொண்டு வந்தவர் உண்டு. கண்புரை அறுவை செய்துகொண்டு பேரக்குழந்தையின் முகத்தைத் தெளிவாகக் காண்பவரும் உண்டு. அவர்களுடைய நீண்ட வாழ்வுக்குப் பின்னால் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஊர்ச் சுகாதாரப் பணியாளர், வீட்டார் எனப் பலருடைய உழைப்பு இருக்கிறது. நீரிழிவு, குருதி அழுத்தம் முதலிய நோய் உடையோரின் இல்லத்துக்கே மருந்தைக் கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்டது. வாயிலில் வந்து நிற்கும் பணியாளரை முதியவர் நம்பித் தம் குறையைச் சொல்லும்போதுதான் அம்மருந்து முழுப் பயன் தருகிறது.

சரபோஜி இளமையில் நம்பத்தக்க மனிதர் ஒருவரால் காக்கப்பட்டார். ஆட்சியை இழந்த பின்னர், தம்மை நாடி வந்த நோயாளிகளுக்கு அவரே நம்பத்தக்கவராக விளங்கினார். உணவு தந்தார், தங்க இடம் தந்தார், பல முறை மருத்துவரையும் ஒன்றுசேர்த்தார், நோயாளியின் துன்பத்தை மறவாமல் எழுதி வைக்கச் செய்தார். தஞ்சை நாட்டை அவர் ஆண்ட காலம் ஓராண்டினும் சற்றே மிகுதி. நோயாளியின் அருகே அவர் நின்ற காலமே வரலாற்றில் நிலைத்தது.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் சரபோஜியைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய நூல் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. போன்சலே மரபின் வரலாறு மராத்தி மொழியில் தஞ்சைப் பெரியகோயிலின் சுவரில் 1803-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டது. அதனைப் பொறிக்கச் செய்தவரும் இவரே.

சொல்லும் பொருளும்

வாளா – பேசாமல், செயலற்று
காலன் – எமன்
வராகன் – அக்காலப் பொன் நாணயம்
கலம் – நெல் அளக்கும் முகத்தல் அளவை
குன்மம் – வயிற்றுவலியோடு கூடிய நெடுநாள் நோய்
க்ஷயம் – உடலை மெலிவிக்கும் நோய், காசநோய்
பத்தியம் – நோய்க்கேற்ற உணவுக் கட்டுப்பாடு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெடுநாள் நோயோடு வாழும் முதியவர் ஒருவரிடம், அவர் நம்பும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கண்ட நற்பண்புகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. சுவார்ட்ஸிடம் உழவர்கள் கொண்ட நம்பிக்கையையும் சரபோஜியிடம் நோயாளிகள் கொண்ட நம்பிக்கையையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ஆட்சியதிகாரம் இல்லாத நிலையிலும் ஒருவர் மக்களுக்குப் பயன்பட வாழமுடியும் என்பதைப் பாடப்பகுதிவழி நிறுவுக.

4. அருகில் உள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நோயாளிகளின் குறிப்புகள் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதை அறிந்துவந்து, சரபோஜி காலத்து ஆவணங்களோடு ஒப்பிட்டுரைக்க.